கீழ்ப் பழனி மலையில் நான்கு தலைமுறைத் தோட்டம்: வாழை போய்க் காப்பி வந்தது எப்படி?

தாண்டிக்குடிப் பேரன்:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் வட்டத்தில் தாண்டிக்குடிக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது ஏக்கர் மலைத்தோட்டம் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா காட்டை வாங்கித் திருத்தினார் என்றும், தாத்தா அதில் விருப்பாச்சி என்னும் மலைவாழையும் கமலா ஆரஞ்சும் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்றும், அப்பாவும் பெரியப்பாவும் அதைக் காப்பித் தோட்டமாக மாற்றினார்கள் என்றும் வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். கொள்ளுத்தாத்தா காலத்தில் மொத்தம் அறுபது ஏக்கருக்குக் குறையாது என்பார்கள். இன்று எங்கள் பங்கில் இருப்பது சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரங்களில் ஏற்றிய மிளகு, ஓடையோரம் சில வெண்ணெய்ப்பழ மரங்கள் ஆகியவைதாம். ஆரஞ்சு ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. வாழை வீட்டுத் தேவைக்கென்று நாலைந்து குத்து நிற்கிறது.

அடுத்த ஆண்டு பாகப்பிரிவினை நடக்கவிருக்கிறது. அதன்பின் தோட்டம் யார் கையில் எப்படி இருக்கும் என்று தெரியாது என்பதால், அதற்குள் இதன் வரலாற்றை ஒழுங்காக எழுதி வைக்க விரும்புகிறேன். ஆனால் முதல் படியிலேயே ஒரு சிக்கல். வாழை ஏன் அழிந்தது என்று அப்பாவைக் கேட்டால், "நோய் வந்து முடிச்சுப் போச்சு" என்கிறார். பெரியப்பாவோ, காப்பி விலையைப் பார்த்து நாங்களேதான் வாழையைக் கைவிட்டோம், நோய் என்பது பின்னால் சொல்லிக்கொண்ட சமாதானம் என்கிறார். இருவரும் அதே தோட்டத்தில் அதே ஆண்டுகளில் உழைத்தவர்கள், இருவருக்கும் நினைவு நன்றாகவே இருக்கிறது.

எந்த நிலத்தில் எந்த ஆண்டு என்ன பயிர் இருந்தது என்பதைக் காட்டும் ஆவணம் ஏதேனும் உண்டா? கீழ்மலையில் மற்ற குடும்பத் தோட்டங்களில் நடந்தது என்ன? கடைசியாக, காப்பிக்கு நடுவே விருப்பாச்சியை மீண்டும் கொண்டுவர முடியுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பண்ணைக்காட்டார்:

தம்பி, உங்கள் அப்பா சொல்வதில் பொய் இல்லை. முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோய் இந்த மலையில் செய்ததைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நோய்க்கு முந்தைய வாழைத் தோட்டம் எப்படி இருந்தது என்பதை நீங்கள் முதலில் எழுத வேண்டும், ஏனென்றால் சமவெளி வாழையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது புரியாது. கீழே ஆற்றுப் பாசனத்தில் வாழை என்றால் ஓரிரு தார் வெட்டியதும் தோண்டிவிட்டு வேறு பயிர் வைப்பார்கள். மலைவாழை அப்படி அல்ல. இரண்டாயிரம் அடி முதல் ஐயாயிரம் அடி வரையுள்ள சரிவுகளில், மழையை மட்டுமே நம்பி, ஒரு முறை ஊன்றிய கிழங்கிலிருந்து பக்கக்கன்று மேல் பக்கக்கன்றாக விட்டுப் பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று அதே குத்திலேயே தார் வெட்டுவார்கள். ஓராள் ஊன்றிய குத்தில் அவர் மகன் தார் வெட்டிய தோட்டங்கள் உண்டு. சாலை இல்லாத ஊர்களிலிருந்து குதிரையிலும் கோவேறு கழுதையிலும் தார் இறங்கியது. வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ பழநிக்கோ போய்ச் சேருவதற்குள் அடிபட்டாலும் பழம் தாங்கியது. தோல் சற்றுத் தடிப்பு, சதையில் நீர்ப்பசை குறைவு. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு அதுவே ஏற்றதாக இருந்ததற்கும் காரணம் அதுதான்.

நோயுற்ற வாழையை அடையாளம் காண எங்கள் தகப்பனார் கற்றுக்கொடுத்த முறையைச் சொல்கிறேன். இளங்குருத்துக்கு அடுத்த இலையை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நடுநரம்பிலிருந்து பிரியும் சிறு நரம்புகளில் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்றுகள் விட்டுவிட்டுத் தெரிந்தால், அந்தக் குத்து முடிந்தது என்று பொருள். அந்த நேரத்தில் மரம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பிறகு வரும் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடக் குட்டையாக, ஒடுங்கி, விளிம்பு மஞ்சளித்து, நிமிர்ந்தபடி தலையில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலையை மடக்கினால் படக்கென்று ஒடியும். இளமையில் தாக்கினால் தாரே வராது. குத்தில் ஒன்றுக்கு வந்தால் அதன் கன்றுகள் அனைத்துக்கும் வந்ததாகவே கொள்ள வேண்டும். இருபது ஆண்டு நிற்கும் என்று நம்பி வளர்த்த முறையே இங்கே எதிரியாகிவிட்டது, ஏனென்றால் தோட்டத்தை மொத்தமாகத் தோண்டிப் புதிதாகத் தொடங்கும் வழக்கமே எங்களுக்கு இல்லை.

1970களில் கீழ்ப் பழனி மலையில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது என்று வேளாண் துறையினர் சொல்லும் கணக்கை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது ஒரே ஆண்டில் நடந்ததல்ல. ஆரஞ்சு தனிக் கதை. மரம் நுனியிலிருந்து காய்ந்து கீழிறங்கியது, பழம் சிறுத்துப் பாதி பச்சையாகவே நின்றது. அந்த நோய்க்கும் மருந்து கிடையாது. ஆரஞ்சுக்காக அழுதவர்களைவிட வாழைக்காக அழுதவர்கள் அதிகம், காரணம் ஆரஞ்சு ஆண்டுக்கு ஒரு பருவத்தில் காசு தரும், வாழை மாதா மாதம் தரும்.

கிராமக் கணக்கு:

வருவாய்த் துறையில் பல ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு விடை "அடங்கல்". ஒவ்வொரு பசலியிலும் ஒவ்வொரு புல எண்ணிலும் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, என்ன பாசனம் என்று எழுதப்படும் கிராமக் கணக்கு அது. பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்பதைச் சொல்லும், அடங்கல்தான் நிலத்தில் என்ன நின்றது என்பதைச் சொல்லும். குடும்ப வரலாறு எழுதுவோர் பலர் பட்டாவோடு நின்றுவிடுகிறார்கள்.

பசலி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடியும். பசலி எண்ணுடன் 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1380 என்றால் 1970 ஜூலை முதல் 1971 ஜூன் வரை. உங்களுக்கு வேண்டியது 1375 முதல் 1405 வரையிலானவை என்று நினைக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில்தான். அதற்கு முன் உங்கள் ஊர் மதுரை மாவட்டம். ஆகவே பழைய பதிவேடுகளைத் திண்டுக்கல்லில் கேட்டு "இல்லை" என்ற பதில் வந்தால் அத்துடன் விட்டுவிடாமல் மதுரை ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலும் கேளுங்கள். அடுத்து, 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியகாரர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கணக்குகளை ஒப்படைத்ததில் எல்லா ஊரிலும் ஒழுங்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. அடங்கலை நிரந்தரமாக வைக்கும் விதியும் இல்லை. எல்லா ஆண்டுக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். விட்டுவிட்டு நாலைந்து பசலி கிடைத்தாலே போதும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், புல எண்ணையும் பசலியையும் தெளிவாகக் குறிப்பிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதினால் இருப்பதைத் தருவார்கள்.

நில உடைமைக்கு அ-பதிவேட்டைப் பாருங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது தயாரித்தது ஒன்று, அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்தால் அறுபது ஏக்கர் எந்தெந்தக் கைக்குப் போயிற்று என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மலையூர்களில் சில ஜமீன் கிராமங்களாக இருந்து 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் ரயத்துவாரிக்கு, அதாவது உழவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறைக்கு, வந்தவை. உங்கள் ஊர் அந்த வகையா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், 1950க்கு முந்தைய தாள்களை எங்கே தேடுவது என்பது தெளிவாகும்.

அடங்கலைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். மலைச்சரிவில் ஏறி ஒவ்வொரு புலத்தையும் பார்த்து எழுதிய கர்ணமும் உண்டு, போன ஆண்டுக் கணக்கைப் பார்த்தே எழுதியவரும் உண்டு. ஒரே எழுத்தில் ஒரே பரப்பு பல பசலிக்கு மாறாமல் வந்தால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பரப்பு மாறும் ஆண்டுதான் யாரோ நேரில் போய்ப் பார்த்த ஆண்டு.

பட்டிவீரன்பட்டி மருமகள்:

பண்ணைக்காட்டார் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் பெரியப்பாவின் பேச்சை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. நான் திருமணமாகி வந்த வீடு மூன்று தலைமுறையாகக் காப்பி வாங்கி விற்கும் வீடு. கீழ்மலையில் காப்பி நோய்க்குப் பின் வந்த மாற்றுப் பயிர் அல்ல. 1893இல் பிறந்து 1953இல் மறைந்த ஊ.பு.அ. சௌந்திரபாண்டியனார் எங்கள் ஊர்க்காரர். நீதிக்கட்சித் தலைவராகத்தான் அவரைப் பலர் அறிவார்கள், காப்பித் தோட்ட உரிமையாளராகவும் இருந்தவர் அவர். நோய் தலையெடுப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இங்கே காப்பி இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விலைக் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்துக்குப் பின் விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் சேர்க்க வேண்டியிருந்தது. விவசாயி சொந்தமாக விற்க முடியாத காலம் அது. கொட்டையின் தரத்துக்கும் எடைக்கும் ஏற்பப் புள்ளி போட்டுத் தவணை தவணையாகப் பணம் வரும், தாமதமாகவும் வரும். ஆனால் வரும். மண்டியில் வாழைத்தாருக்குக் காலையில் ஒரு விலை, பத்து லாரி வந்து நின்றால் மதியம் ஒரு விலை. இதற்கிடையே 1975இல் பிரேசிலில் கடும் உறைபனி விழுந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகக் காப்பி விலை பல மடங்கு ஏறியது. அந்த நேரத்தில் மலையில் காப்பி நாற்றுக்கு அலையாதவர் யார்? நாற்றுக்கு முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் நிழல் வேண்டும். அந்த நிழலைக் கொடுத்தது அதே வாழைதான். வாழைக்கு நடுவே காப்பியை வைத்துவிட்டு, காப்பி காய்ப்புக்கு வந்ததும் வாழையைக் கவனிப்பதைக் குறைத்தவர்கள் ஏராளம். பக்கக்கன்று கழிக்காத, சருகு அறுக்காத தோட்டத்தில் நோய் பரவாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் தாள் தேடினால் காப்பிக்குத்தான் தாள் கிடைக்கும். வாரியப் பதிவுச் சான்று, பதப்படுத்தும் ஆலையின் எடைச்சீட்டு, தவணைப் பட்டியல் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. வாழைக்கு இருந்தது கமிஷன் மண்டியின் துண்டுச்சீட்டு மட்டும், அதைக் கணக்கு முடிந்த அன்றே அடுப்பில் போடுவார்கள். கையில் கிடைக்கும் தாள்களை மட்டும் வைத்து எழுதினால், உங்கள் குடும்பம் என்றைக்குமே காப்பிக் குடும்பமாக இருந்ததுபோல் ஒரு தோற்றம் வந்துவிடும்.

சிறுமலையான்:

பஞ்சாமிர்தத்தின் பெயரைச் சொல்லி "ஆயிரம் ஆண்டாக எங்கள் வாழை" என்று எழுதிவிடாதீர்கள். விருப்பாச்சி, சிறுமலை ஆகிய மலைவாழைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகளாகின்றன, பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது. குறியீடு பண்டத்தையும் இடத்தையும் காக்கும். ஒரு குடும்பத் தோட்டத்தின் வயதுக்கு அது சான்றாகாது. உங்கள் ஆவணம் எந்த ஆண்டுக்குப் போகிறதோ அந்த ஆண்டிலிருந்து எழுதுங்கள், அதற்கு முன்னுள்ளதைக் கேள்வி என்றே எழுதுங்கள். எங்கள் மலையிலும் வாழை இதே நோயால்தான் போயிற்று.

தாண்டிக்குடிப் பேரன்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இடையில் தேடியதில் கிடைத்தவற்றைச் சொல்கிறேன்.

அடங்கல் தொடர்ச்சியாகக் கிடைக்கவில்லை. பசலி 1378, 1384, 1391, 1398 ஆகியவற்றின் நகல்கள் மட்டும் கிடைத்தன. முதல் நகலில் எங்கள் இரண்டு பெரிய புலங்களிலும் வாழை, மேட்டுப் புலத்தில் ஆரஞ்சு. காப்பி ஓடையோரத்தில் ஒன்றரை ஏக்கர் மட்டும். 1384இல், அதாவது 1974-75இல், ஒரு பெரிய புலத்தில் "வாழை, காப்பி" என்று இரண்டும் சேர்ந்து வருகின்றன, ஆரஞ்சின் பரப்பு பாதியாகியிருக்கிறது. 1391இல் அதே புலத்தில் காப்பி மட்டும். மற்றொரு பெரிய புலத்தில் அப்போதும் வாழை இருக்கிறது, ஆனால் பரப்பு மூன்றில் ஒரு பங்கு. 1398இல் அதுவும் இல்லை, அந்த இடம் தரிசு என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆரஞ்சு மேட்டிலும் அதற்குள் காப்பிதான்.

இதைப் பெரியப்பாவிடமும் அப்பாவிடமும் ஒன்றாக வைத்துப் படித்துக் காட்டினேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. கலப்பாக இருந்த முதல் புலம் பெரியப்பாவின் பொறுப்பில் இருந்தது. அங்கே காப்பி வந்தது பிரேசில் உறைபனிக்கும் முன்னால், நோய் தெரிவதற்கும் முன்னால். கடைசி வரை வாழை நின்று தரிசாகிப் போன புலம் அப்பாவின் பொறுப்பில் இருந்தது. இருவரும் அவரவர் புலத்தின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

பாட்டியின் தகரப்பெட்டியில் காப்பி வாரியத்தின் பதிவுச் சான்றும் தவணைப் பட்டியல்களும், பட்டிவீரன்பட்டி அம்மா சொன்னதுபோலவே, கட்டுக்கட்டாகக் கிடைத்தன. மண்டிச்சீட்டு மூன்றே மூன்று. அவை தப்பியதற்குக் காரணம், அவற்றின் பின்பக்கத்தில் பாட்டி பால்கணக்கு எழுதியிருந்ததுதான்.

இப்போது எனக்குள்ள ஐயம் வேறு. காப்பி விலையால்தான் வாழை போயிற்று என்றால், காப்பி விலை சரிந்தபோது வாழை திரும்பி வந்திருக்க வேண்டும் அல்லவா? 1996இல் பொதுத் தொகுப்பு முற்றிலும் கைவிடப்பட்டது. 2000 முதல் 2002 வரை விலை அடிமட்டத்துக்குப் போனது, அப்பா கடன் வாங்கிப் பழம் பறித்தது எனக்கே நினைவிருக்கிறது. அப்போதும் எங்கள் பக்கத்தில் யாரும் வாழைக்குத் திரும்பவில்லையே, ஏன்?

பண்ணைக்காட்டார்:

திரும்பப் பார்த்தோம் தம்பி, முடியவில்லை. 2001இல் நானே அரை ஏக்கரில் கன்று ஊன்றினேன். எங்கிருந்து கன்று எடுத்தேன் என்றால், பக்கத்துத் தோட்டத்தில் பார்வைக்கு நன்றாக இருந்த குத்திலிருந்து. முதல் தார் வருமுன்பே பாதிக் குத்து போய்விட்டது. காப்பிக்குள் கவனிப்பாரற்று நின்ற பழைய வாழைகள் மலை முழுவதும் நோயை வைத்திருந்தன. நோயைப் பரப்பும் பூச்சியான வாழை அசுவினிக்கு வேலி ஏது?

இன்னொரு தடை நிழல். வாழை போன இடத்தில் நாங்கள் வைத்த சில்வர் ஓக் அதற்குள் முப்பது, நாற்பது அடி உயர்ந்து மேலே மூடிவிட்டது. அதனடியில் வாழை ஊன்றினால் மரம் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று போகுமே தவிரத் தார் சிறுத்துவிடும். மிளகு ஏறிய ஓக்கை வெட்டவும் மனம் வராது. விலையைப் பார்த்து வைத்தது என்று பட்டிவீரன்பட்டி அம்மா சொல்வது சரிதான், அவர் சொல்லும் காலத்துக்கு. திரும்பிப் போகும் வழியை அடைத்தது நோய். 2018 நவம்பரில் கஜா புயல் ஓக் மரங்களைச் சாய்த்துச் சில சரிவுகளில் வெளிச்சம் விட்டபோது, பலர் முதலில் ஊன்றியது வாழையைத்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திரம் பார்ப்பவள்:

வழக்கறிஞராக இருப்பதால் பாகப்பிரிவினை என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. அறுபது ஏக்கர் ஒன்பதான கதையைப் பத்திரங்களிலிருந்து எழுதும்போது, அவற்றின் தேதிகளைச் சட்டங்களின் தேதிகளோடு சேர்த்துப் படியுங்கள். 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வைத்தது, 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டுகளை ஒட்டி உங்கள் குடும்பத்தில் தானமோ பாகமோ எழுதப்பட்டிருந்தால், அன்பினால் மட்டும் எழுதியதா என்று கேட்டுப் பார்க்கலாம். காப்பி, தேயிலை, ஏலக்காய் போன்ற தோட்டங்களுக்கு அச்சட்டத்தில் விலக்கு இருந்தது. வாழை அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஓடையோர ஒன்றரை ஏக்கர் காப்பி எப்போது வைக்கப்பட்டது என்பதை வாரியப் பதிவுச் சான்றில் பாருங்கள், நடவு ஆண்டு இருக்கக்கூடும்.

நீங்கள் எழுதியதில் கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லாரும் இருக்கிறார்கள். அத்தைகள் இல்லை. தாத்தா 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பின் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவருடைய பங்கில் மகள்களுக்கும் உரிமை உண்டு. மகள்களும் பிறப்பாலேயே பங்காளிகள் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியபோது, 1989 மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. 2005இன் மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. ஆகவே 1956க்கும் 2005க்கும் இடைப்பட்ட காலத்தில் அத்தைகள் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம் ஒன்று உங்கள் கட்டுக்குள் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பத்திர எண் தெரியும், பிறகு சான்றிட்ட நகல் வாங்கலாம். அதில் என்ன தொகைக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். தோட்டம் துண்டாகாமல் உங்கள் கைக்கு வந்ததில் அந்தத் தொகைக்கும் பங்கு இருக்கிறது.

அப்படியே, சரிவில் தார் சுமந்தவர்களையும் காப்பி பறித்தவர்களையும் கேளுங்கள். கீழ்மலையில் பளியர் குடும்பங்கள் பல தோட்டங்களில் தலைமுறையாக வேலை செய்திருக்கின்றன. பட்டாவிலும் அடங்கலிலும் அவர்கள் பெயர் வராது, ஆனால் எந்தப் புலத்தில் எந்த ஆண்டு வாழை செத்தது என்பதைக் கர்ணத்தைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

தாண்டிக்குடிப் பேரன்:

அத்தைகள் மூவர். விடுதலைப் பத்திரம் ஒன்று இருப்பதாக அப்பா தயங்கித்தான் சொன்னார், 1987ஆம் ஆண்டு எழுதியதாம். நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மூத்த அத்தையிடம் தொலைபேசியில் பேசியபோது, ஆரஞ்சுப் பழம் பொறுக்கித் தரம் பிரித்தது முழுக்கத் தாங்கள் மூவரும்தான் என்றும், பெரிய பழங்களைக் கூடையின் அடியில் வைத்துச் சிறியதை மேலே வைக்கும் ஒரே வீடு எங்கள் வீடு என்று மண்டிக்காரர் சொல்லுவார் என்றும் சொன்னார். அடுத்த மாதம் நேரில் போய்க் கேட்டு எழுதப் போகிறேன். பளியர் குடியிருப்பில் ஒரு பெரியவர் தாத்தாவோடு வேலை பார்த்தவர், அவரையும் பார்க்க வேண்டும்.

மறுநடவு பற்றிய என் மூன்றாம் கேள்வி அப்படியே நிற்கிறது. தரிசாகக் கிடந்த அந்தப் புலத்தில் கஜாவுக்குப் பின் ஏறத்தாழ ஒரு ஏக்கர் வெளிச்சமாகவே இருக்கிறது.

திருச்சி ஆய்வு மாணவன்:

வாழை நோயியலில் ஆய்வு செய்கிறேன். ஒரு ஏக்கர் போதும், தாராளமாக முயன்று பார்க்கலாம்.

முதலில் நோயின் வழியைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. முடிக்கொத்து நோய் முதன்முதலில் பதிவானது பசிபிக் பெருங்கடலின் பிஜித் தீவுகளில், 1889இல். 1913இல் இலங்கையில் காணப்பட்டது. அங்கிருந்து கேரளத்தின் கோட்டயம் பகுதிக்கு 1940ஐ ஒட்டி வந்து சேர்ந்தது. தூரப் பயணத்தை நோயுற்ற கன்றுகள் வழியாகவே செய்தது. அசுவினி செய்வது தோட்டத்துக்குத் தோட்டம் பரப்பும் வேலை. அதாவது உங்கள் அப்பாவின் புலத்துக்கு அது வந்ததும் யாரோ நல்ல எண்ணத்தில் கொடுத்த கன்றில்தான் இருக்கக்கூடும்.

ஆகவே முதல் விதி, எவ்வளவு நெருங்கிய உறவினர் கொடுத்தாலும் மலைத் தோட்டத்துக் கன்றை ஊன்றாதீர்கள். வைரஸ் இல்லை என்று சோதித்த தாய்மரத்திலிருந்து எடுத்த திசு வளர்ப்புக் கன்று மட்டும் வேண்டும். திசு வளர்ப்பு என்ற பெயர் மட்டும் போதாது. நோயுற்ற மரத்திலிருந்து எடுத்தால் நோய் கன்றோடு கூடவே வரும், எனவே சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் மலைவாழையில் இந்தப் பணியைச் செய்துவருகின்றன. உங்களுக்கு மிக அருகில் தடியன்குடிசையில் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.டி. 1 என்ற வெண்ணெய்ப்பழ ரகம் அங்கிருந்துதான் வந்தது. உங்கள் ஓடையோர மரங்களைப் பற்றியும் அங்கே கேட்கலாம்.

அடுத்து, ஊன்றுவதற்கு முன் வீட்டுத் தேவைக்கென்று நிற்கும் அந்த நாலைந்து குத்துகளைப் பண்ணைக்காட்டார் ஐயா சொன்னபடி இலையைத் தூக்கிப் பாருங்கள். கீற்று தெரிந்தால் உடனே தோண்டிவிடாதீர்கள். தோண்டும்போது அசுவினிகள் கலைந்து அடுத்த குத்துக்குப் போய்விடும். முதலில் குருத்திலும் இலையுறைகளின் இடுக்கிலும் பூச்சிமருந்தோ சோப்புக் கரைசலோ அடித்து அவற்றைக் கொன்ற பிறகே கிழங்கோடு தோண்டி, துண்டாக்கி அழிக்க வேண்டும். கிழங்கின் ஒரு கண் மண்ணில் மிஞ்சினாலும் அது மீண்டும் முளைக்கும். காப்பிக்குள் தானாக முளைத்து நிற்கும் பழைய வாழைகளையும் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஊன்றிய பின் வாரம் ஒருமுறை ஒவ்வொரு குத்தையும் பார்க்க ஒருவர் வேண்டும். நோய் தொற்றிச் சில வாரங்கள் கழித்தே குறி தெரியும், அதற்குள் அசுவினி அதை எடுத்துச் சென்றிருக்கும் என்பதால் ஒரு வாரத் தாமதமும் செலவு வைக்கும். இருபது ஆண்டு அதே குத்தில் தார் வெட்டும் பழைய முறையை மறந்துவிடுங்கள். சில தார் வெட்டியதும் மொத்தமாகத் தோண்டிப் புதுக் கன்று வைப்பதாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போதும் கட்டுப்படியாகிறதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் தங்கள் குத்துகளைப் பார்க்க ஒத்துக்கொண்டால் மட்டும் தொடங்குங்கள். ஒருவர் மட்டும் சுத்தமாக வைத்திருந்தால் இரண்டாம் தாரைத் தாண்டுவது கடினம். எந்தப் பக்கத் தோட்டம் யாருடையது, அவர்கள் ஊரில் இருக்கிறார்களா வெளியூரிலா என்பதை எழுதுங்கள். மழை தொடங்குமுன் ஒரு நாள் நேரில் வந்து பார்த்துச் சொல்கிறேன்.